மறதிக்கு மூளைப் பயிற்சி ஆப்: எது பலன் தரும், எது தராது?

லேசான மறதியும் கவனக் குறைவும் உள்ளவர்களுக்காக மொபைலிலும் டேப்லெட்டிலும் கிடைக்கும் பயிற்சிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் கணவருக்கு வயது 68. இரண்டு வருடமாகப் பெயர்கள் மறந்துபோகின்றன. சொன்னதையே திரும்பச் சொல்கிறார். நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு, ‘டிமென்ஷியா இல்லை, எம்.சி.ஐ.’ என்றார். தினமும் பத்து நிமிடம் விளையாடினால் டிமென்ஷியா வரவே வராது என்று ஒரு ஆப்பின் விளம்பரத்தில் பார்த்தேன். நம்பலாமா?
— வாசகி, காரைக்குடி

அந்த வாக்குறுதியை நம்ப வேண்டாம். அதற்காகப் பயிற்சியே வீண் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

எம்.சி.ஐ. என்றால் லேசான அறிவாற்றல் குறைபாடு. நினைவோ கவனமோ திட்டமிடும் திறனோ வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைந்திருக்கும். ஆனால் மாத்திரை, வங்கி வேலை, வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். அன்றாட வேலைக்கே பிறர் உதவி தேவைப்படும் அளவுக்கு அறிவாற்றல் குறையும் டிமென்ஷியாவுக்கும் இதற்கும் உள்ள எல்லைக்கோடு அதுதான். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்த எம்.சி.ஐ. உள்ளவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கு 2 ஆண்டுகளுக்குள் டிமென்ஷியா வருவதாகச் சொல்கிறது. மற்றவர்களில் பலர் அதே நிலையில் நீடிக்கிறார்கள். சிலர் இயல்பு நிலைக்கே திரும்புகிறார்கள்.

விளம்பரங்கள் பெரும்பாலும் ‘ஆக்டிவ்’ என்ற அமெரிக்க ஆய்வைக் காட்டித்தான் பேசுகின்றன. 65 வயதைக் கடந்த 2,832 பேர் அதில் கலந்துகொண்டார்கள். திரையில் பார்த்ததை வேகமாக உணரும் பயிற்சி பெற்ற பிரிவினருக்கு, 10 ஆண்டு முடிவில் டிமென்ஷியா அபாயம் 29 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. விளம்பரத்தில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போகும். நினைவாற்றல் பயிற்சி பெற்ற பிரிவினரிடம் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதோடு, ஆய்வில் சேர்ந்தவர்கள் மறதி நோயாளிகள் அல்லர். அறிவாற்றல் தெளிவாகக் குறைந்தவர்களை ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள். ஆகவே அந்த 29 சதவீதத்தை உங்கள் கணவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

எம்.சி.ஐ. உள்ளவர்களை மட்டும் வைத்து நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது (2017), நினைவு, கவனச் சோதனைகளில் சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரை முன்னேற்றம் தெரிந்தது. 12 வாரமோ அதற்கு மேலோ பயிற்சி கொடுத்த ஆய்வுகளை மட்டும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் அலசியது. கிடைத்தவை 8 ஆய்வுகள், மொத்தம் 660 பேர். டிமென்ஷியாவைத் தடுக்கும் என்று சொல்ல அந்தச் சான்று போதாது என்பதே அதன் முடிவு. ஆதாரமில்லாமல் இப்படி விளம்பரம் செய்ததற்காக, லுமோசிட்டி ஆப்பை நடத்தும் நிறுவனம் 2016-ல் அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் 20 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது.

உங்கள் கணவரிடம் நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: ஒழுங்காகச் செய்தால் கவனமும் நினைவும் சற்றுக் கூர்மையாகலாம். நோயைத் தடுக்கும் தடுப்பூசி இது இல்லை.

அப்பாவுக்கு 72 வயது. சில மாதங்களாக மறதி அதிகம். டாக்டரிடம் வர மறுக்கிறார். நான் ஒரு ஆப்புக்கு வருடச் சந்தாவே கட்டிவிட்டேன். இப்போதைக்கு அது போதுமா?
— வாசகர், திருநெல்வேலி

போதாது. ‘சில மாதங்களாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தால், ஆப்பில் கழியும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

முதலில் அவருடைய மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். சளி, அலர்ஜி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிபியூட்டினின், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள்... இவை எல்லாமே முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் வருடக்கணக்கில் வாங்கிப் போடுவது நம்மிடையே சகஜம். பெயர்களை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்; முக்கியமாக அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. வைட்டமின் பி12, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ரத்த அணுக்கள், சர்க்கரை, சோடியம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர் என்றால் பி12 குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். சைவ உணவுக்காரராகவும் இருந்தால் இன்னும் அதிகம். தலையில் அடிபட்டது உண்டா? குளியலறையில் வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து மறதியும் தடுமாற்றமும் தொடங்கினால் மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கலாம். ஸ்கேன் தாமதிக்கக் கூடாது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும், மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவையும் மறதி போலவே தோற்றம் காட்டும். காதில் விழாத பேச்சு மூளையில் பதியாது; அதை வீட்டில் ‘மறந்துவிட்டார்’ என்று எடுத்துக்கொள்கிறோம்.

மருத்துவமனையில் நினைவு, கவனம் போன்றவற்றைக் கேள்விகளால் அளக்கும் ‘மோகா’ போன்ற ஒரு சோதனை செய்வார்கள். தமிழிலும் உண்டு. மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழே போனால் மேலும் பார்க்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. படிப்பு குறைந்தவர்களுக்கு அந்த எல்லையை அப்படியே வைக்கக் கூடாது. ஆப் தரும் ‘உங்கள் மூளையின் வயது 54’ போன்ற எண்ணுக்கு நோய் கண்டறிவதில் எந்த இடமும் இல்லை.

மறதி என்று சொன்னால் வர மறுப்பவர்கள், சர்க்கரை, பிரஷர், காது, கண் பரிசோதனை என்றால் வருவார்கள். அவையும் தேவைதான், பொய் சொன்னதாகாது. அவருடைய மறதியில் நீங்கள் கவனித்ததை ஒரு தாளில் தேதியோடு எழுதி முன்கூட்டியே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். சந்தாவுக்கு யு.பி.ஐ. ஆட்டோபே போட்டிருந்தால், அடுத்த வருடம் தானாகப் பணம் போகாதபடி இப்போதே நிறுத்தி வையுங்கள்.

மாமியாருக்கு எம்.சி.ஐ. என்று உறுதியாகிவிட்டது. பயிற்சி ஆரம்பிக்கச் சொன்னார்கள். போனிலா, டேப்லெட்டிலா? எத்தனை நிமிடம்? கூட நான் உட்கார வேண்டுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

கடைசிக் கேள்விக்கு முதலில்: ஆம், உட்கார வேண்டும். நல்ல ஆரோக்கியத்தில் உள்ள 4,885 முதியவர்களை உள்ளடக்கிய ஆய்வுகளை 2014-ல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஒருவர் மேற்பார்வையில் குழுவாகச் செய்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. வீட்டில் தனியாகச் செய்தவர்களிடம் தெரியவில்லை. மறதி இல்லாதவர்களுக்கே அப்படியென்றால், உங்கள் மாமியாரிடம் டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவதில் பயனில்லை. விளையாட்டின் விதியை நினைவுபடுத்துவதும், தவறான பொத்தானை அழுத்தி வெளியே வந்துவிட்டால் உள்ளே கொண்டுபோவதும் உங்கள் வேலை. விடையைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை இல்லை.

அதே தொகுப்பில், ஒரு தடவைக்கு 30 நிமிடத்துக்குக் குறைவாகச் செய்த பயிற்சியிலும், வாரத்துக்கு 3 தடவைக்கு மேல் செய்த பயிற்சியிலும் பலன் தெரியவில்லை. ஆகவே வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், 30 முதல் 40 நிமிடம் என்று வையுங்கள். நடுவில் 15 நிமிடத்தில் தண்ணீர் குடிக்க ஓர் இடைவெளி. முதல் வாரம் மட்டும் 15 நிமிடத்தில் நிறுத்தி, கை பழகட்டும். 12 வாரம் தொடர்ந்தால் ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதன்பின் ஒரு மாதம் விட்டு, மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பழையதை மீட்டுச் செய்யலாம். ஆக்டிவ் ஆய்விலும் 11-ஆம் மாதத்திலும் 35-ஆம் மாதத்திலும் ஒரு பகுதியினருக்கு மீள்பயிற்சி கொடுத்தார்கள்.

நேரம், காலை உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் நல்லது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்காரவே கூடாது. சர்க்கரை தாழ்ந்தால் குழப்பமும் எரிச்சலும் வரும். அதைப் பயிற்சியின் தோல்வி என்று நினைத்துவிடுவீர்கள். மாலையில் களைப்பு கூடிவிடும்.

போன் வேண்டாம். 10 அங்குல டேப்லெட், சாய்த்து நிற்க ஒரு ஸ்டாண்டு, ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாத மேசை. படிக்கும் கண்ணாடியைப் போட்டிருக்கிறாரா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கண்புரை இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குவதே முறை. ஒலியைக் கேட்டுச் செய்யும் பயிற்சி என்றால் காதுக்கருவியோடு செய்யட்டும்.

பலர் கவனிக்காத சங்கடம் ஒன்று உண்டு. வயதானால் விரல் நுனி வறண்டுவிடும். தொட்டாலும் திரை ஏற்காது. அவர் அழுத்தி அழுத்திப் பார்ப்பார், ஆப் ‘தவறு’ என்னும். விரலை ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டு தொடச் சொல்லுங்கள், அல்லது மலிவான ரப்பர் முனை ஸ்டைலஸ் ஒன்று வாங்குங்கள். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பவர் என்றால், ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை ‘நீளமானது’ என்று மாற்றுங்கள். எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ நிலையைப் போட்டு, வேறு ஆப்புக்குப் போகாதபடி பயிற்சித் திரையை மட்டும் ‘பின்’ (pin) செய்துவிட்டால் வாட்ஸ்அப் இடையில் புகாது. இலவச ஆப்களில் நடுநடுவே விளம்பரம் பாயும். கவனக் குறைவு உள்ளவருக்கு அதுவே பயிற்சியைக் கெடுத்துவிடும்.

எந்த ஆப் என்று பார்க்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடினம் தானாகக் கூடிக் குறைய வேண்டும். தொடர்ந்து மூன்று சரி என்றால் ஒரு படி ஏறி, ஒரு தவறு என்றால் ஒரு படி இறங்கும் ஏற்பாட்டில், செய்பவர் பத்தில் எட்டு சரியாகப் போடும் நிலையில் நிற்பார். பத்துக்குப் பத்து வந்தால் மூளைக்கு வேலை இல்லை. பாதிக்கு மேல் தவறினால் மனம் உடைந்துவிடும். கணக்கு வைத்துப் பாருங்கள். ஆப் தானாகச் செய்யாவிட்டால் நீங்களே நிலையை மாற்றுங்கள். ஒரே விளையாட்டை மட்டும் ஓட்டாமல் கவனம், வேகம், நினைவு, திட்டமிடல் என ஒரு அமர்வில் மூன்று நான்கு வகை வரட்டும்.

அம்மாவுக்கு ஆப்பில் ஸ்கோர் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் பால் வைத்த அடுப்பை மறக்கிறார், மாத்திரை போட்டோமா என்று பத்துத் தடவை கேட்கிறார். என்ன தப்பு?
— வாசகர், மதுரை

தப்பு எதுவும் நடக்கவில்லை. பயிற்சி வேலை செய்யும் விதமே அதுதான். எதைப் பழகுகிறாரோ அதிலும் அதை ஒத்த சோதனைகளிலும்தான் முன்னேற்றம் வரும். திரையில் கார் எங்கே வந்தது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் வேகம் கூடியதால் அடுப்பு நினைவுக்கு வராது. ஸ்கோர் உயர்வில் ஒரு பகுதி, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கை பழகியதாலும் வருவது.

அடுப்பையும் மாத்திரையையும் நேரடியாகக் கையாள வேண்டும். பால் காய்ச்ச டைமர் உள்ள இண்டக்ஷன் அடுப்பு வாங்குங்கள். நேரம் முடிந்தால் தானே அணைந்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் இதய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். மாத்திரைக்கு, கிழமையும் வேளையும் எழுதிய டப்பா. கட்டம் காலியாக இருந்தால் போட்டாயிற்று.

ஆனால் டப்பாவைப் பார்க்க வேண்டும் என்பதே மறந்துபோகுமே? அதற்கு இடைவெளி விட்டு நினைவூட்டும் முறை இருக்கிறது, ஆப் தேவையில்லை. ‘மாத்திரை போட்டோமா என்று தெரிய என்ன செய்யணும்மா?’ என்று கேட்டு, பதிலையும் நீங்களே சொல்லுங்கள்: ‘டப்பாவைப் பார்க்கணும்’. உடனே அவர் சொல்லட்டும். சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பார்க்கவும் வேண்டும். பிறகு 15 விநாடி கழித்து அதே கேள்வி. சரியாகச் சொன்னால் 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம், 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். நடுவில் ஊர்க்கதை பேசலாம். தவறினால் ‘யோசிச்சுப் பாரு’ என்று இழுக்காதீர்கள். சரியான விடையைச் சொல்லி, அவர் சொல்லக் கேட்டு, கடைசியாக வெற்றி பெற்ற இடைவெளிக்குத் திரும்புங்கள். ஊகித்துச் சொல்லும் தவறான விடையும் மனதில் பதிந்துவிடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டும். மறுநாள் காலை முதல் கேள்விக்கே சரியான பதில் வந்து, எழுந்தும் போனால் பதிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பலனை அளக்கவும் ஸ்கோரை விட்டுவிடுங்கள். தொடங்கும் முன் ஒரு வாரம், அன்றாட வேலைகளில் மூன்றைத் தேர்ந்து, எத்தனை தடவை தவறுகிறது என்று காலண்டரில் கோடு போடுங்கள். 12 வாரம் கழித்து அதே மூன்றை அதேபோல் எண்ணிப் பாருங்கள்.

அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான். ஆங்கிலம் தெரியாது, டேப்லெட்டைத் தொடவே பயப்படுகிறார். அவருக்கு என்ன வழி?
— வாசகி, வேதாரண்யம்

மொழி தெரியாத ஆப்பைத் திணிக்காதீர்கள். ஆங்கில அறிவிப்பை யூகிப்பதிலேயே அவருடைய கவனம் செலவாகிவிடும். படம் பொருத்துவது, ஒலியை அடையாளம் காண்பது போல எழுத்தே இல்லாத பயிற்சிகளில் தொடங்கலாம். அதுவும் பிடிக்கவில்லை என்றால் திரையை விட்டுவிடுங்கள்.

பல்லாங்குழியை எடுங்கள். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிப் பார்ப்பது திட்டமிடல். கையிலிருப்பதைப் போட்டுக்கொண்டே எந்தக் குழியில் நான்கு சேர்ந்து ‘பசு’ ஆகிறது என்று கண்காணிப்பது கவனத்தைப் பிரித்து வைப்பது. கடினத்தைக் கூட்டுவதும் எளிது: எடுக்கும் முன், எந்தக் குழியில் முடியும் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். இதைச் சிகிச்சை என்று சொல்லவில்லை. ஆனால் பேரன் எதிரில் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு அம்மா தினமும் தானாக வருவார். பயந்துகொண்டு தொடும் டேப்லெட்டுக்கு வர மாட்டார்.

அப்பா 40 வருடமாக நாளிதழில் குறுக்கெழுத்துப் போடுபவர். அதை நிறுத்திவிட்டு ஆப்புக்கு மாறச் சொல்லலாமா?
— வாசகர், சென்னை

நிறுத்தச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்கள் எம்.சி.ஐ. உள்ள 107 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கணினியில் மூளை விளையாட்டுகளும் மறு பிரிவுக்குக் கணினியிலேயே குறுக்கெழுத்தும் கொடுத்தன. 78 வாரம் கழித்துக் குறுக்கெழுத்துப் பிரிவினரே அறிவாற்றல் சோதனையில் முந்தியிருந்தார்கள் (2022). ஆய்வு சிறியது, எதையும் செய்யாத மூன்றாவது பிரிவு அதில் இல்லை. ஆனாலும் புதிதாக வந்தது என்பதற்காக ஆப் மேலானது என்று எண்ண இடமில்லை. கொடுத்த புதிர்கள் நடுத்தரக் கடினம் உள்ளவை என்பதையும் கவனியுங்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார் என்றால் இன்னும் கடினமான புதிருக்கு மாறட்டும்.

கூடவே நடைப்பயிற்சி இருக்கிறதா? பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் நடந்த ‘ஃபிங்கர்’ ஆய்வில் (2015), உணவு, உடற்பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு, கணினிப் பயிற்சி நான்கையும் 2 ஆண்டு சேர்த்துக் கொடுத்தபோது அறிவாற்றல் சோதனைகளில் நல்ல பலன் கிடைத்தது. அதில் கணினிக்கு ஒதுக்கியது தடவைக்கு 10 முதல் 15 நிமிடம்தான். திரைக்கும் நடைக்கும் சேர்ந்து நேரம் இல்லை என்றால் நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வாரமாக அத்தைக்குப் பயிற்சி நடக்கிறது. இப்போது டேப்லெட்டைக் கண்டாலே கோபப்படுகிறார். முன்பு செய்ததையே செய்யத் தெரியாமல் விழிக்கிறார். தொடரலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

நிறுத்துங்கள். முதல் வாரங்களில் வரும் சலிப்பு வேறு. நிலையைக் குறைத்தோ, நேரத்தைப் பாதியாக்கியோ சரிசெய்யலாம். பழகியதே தெரியாமல் போவது வேறு. ஓரிரு நாளில் திடீரென்று வந்ததென்றால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிய மருந்து, பக்கவாதம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல வந்ததென்றால் மறுபரிசோதனைக்கு நேரம் கேளுங்கள். போகும்போது, பணம் எண்ணுவது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, புடவை கட்டுவது போன்றவற்றில் என்ன மாறியிருக்கிறது என்று எழுதி எடுத்துப் போங்கள்.

டிமென்ஷியா என்று தெரியவந்தால் தனியே திரை முன் உட்காரும் பயிற்சிக்குப் பதிலாகக் குழுவாகச் செய்யும் அறிவாற்றல் தூண்டல் சிகிச்சையைக் கேளுங்கள். வாரம் 2 தடவை, தடவைக்குச் சுமார் 45 நிமிடம், 7 வாரத்தில் 14 அமர்வுகள். உணவு, குழந்தைப் பருவம், பணம், சத்தங்கள் என ஒவ்வொரு நாளும் ஒரு பொருளை வைத்துப் பேச்சும் விளையாட்டுமாகப் போகும். சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்பத் தழுவிச் செய்திருக்கிறது. உங்கள் பகுதியில் முதியோருக்கு என்ன உதவிகள் உண்டு என்று அறிய, 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணில் கேட்கலாம், கட்டணம் இல்லை.

அத்தையிடமிருந்து டேப்லெட்டைத் திரும்ப வாங்கி வைக்கும்போது அதிலுள்ள யு.பி.ஐ. ஆப்களையும் சேமித்த கார்டு விவரங்களையும் நீக்கிவிடுங்கள். அத்தையின் கணக்கில் தினசரிப் பரிவர்த்தனை வரம்பைக் குறைத்து, குறுஞ்செய்தி உங்கள் எண்ணுக்கும் வரும்படி செய்ய வழியுண்டா என்று வங்கியில் கேளுங்கள். அதை அவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, அவர் கையெழுத்திடும் தெளிவு இருக்கும்போதே செய்ய வேண்டும்.